செப்டம்பரை ஏப்ரலிலேயே தீர்மானிப்பது

பட்டயக் கணக்காளர் ஒருவர் ஓராண்டில் 60 வருமான வரித் தணிக்கைகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று, எங்கள் தொழிலை நெறிப்படுத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. 2014 வரை அந்த வரம்பு 45 ஆக இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் பலருக்கும் இது ஒரு முட்டுக்கட்டையாகத்தான் தோன்றும். வாசலுக்கு வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் விதி வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது என்று அங்கலாய்ப்பார்கள். திருப்பூரில் சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை நடத்திவரும் எனக்கோ, ஆண்டுகள் செல்லச் செல்ல, எங்கள் நெறிமுறைகளிலேயே மிகவும் கரிசனமான விதி இதுதான் என்று படுகிறது. ஒருவரால் எத்தனை முடியும் என்பதை அவருடைய ஆசையையும் தெம்பையும் கேட்டு முடிவு செய்யாமல், அவர் போடும் கையெழுத்துக்கு இருக்க வேண்டிய மதிப்பை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. எத்தனை பேர் என்பது முதலில் வருகிறது, யார் யார் என்பது அதன் பிறகுதான்.

தணிக்கைக்கு வெளியே யாரும் நமக்கு அப்படி வரம்பு வைத்துத் தருவதில்லை. மாதாந்திர ஜிஎஸ்டி வேலை இத்தனை பேருக்குத்தான், ஆண்டுக்கு இத்தனை கல்யாணங்களுக்குத்தான், இத்தனை சங்கங்களில்தான் பொறுப்பு என்று எந்த அமைப்பும் சுற்றறிக்கை அனுப்பப் போவதில்லை. அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் கேட்பவர் எதிரில் வந்து அமர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் வந்து உட்கார்ந்து, காபி வந்து, ஊர் உறவெல்லாம் விசாரித்து முடித்த பிறகு, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் திடம் நம்மில் அநேகருக்குக் கிடையாது. எனக்கு அந்தத் திடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டதும் இல்லை. முன்பே எழுதிவைத்த முடிவு ஒன்று கையில் இருந்தால் திடத்துக்கு அவ்வளவாகத் தேவை இருப்பதில்லை என்பதே நான் கண்டது.

நேரத்தை எப்படிக் கையாள்வது என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் அதிகாலையில் எழுவதில் தொடங்கி, கைப்பேசிச் செயலிகளில் வந்து முடிப்பார்கள். அதிகாலையில் எழுவது நல்ல பழக்கம்தான், செயலிகளும் பயனுள்ளவைதான். ஆனால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளை வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே அவை உதவும். ஒப்புக்கொள்ளலாமா கூடாதா என்ற கேள்வி அந்தச் செயலியைத் திறப்பதற்கு முன்பே, யாரோ ஒருவருடைய கூடத்திலோ மண்டப வாசலிலோ தொலைபேசியிலோ முடிந்துபோயிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பெரிய சார்ட் தாளை மேசையில் விரித்து, எங்களால் நகர்த்த முடியாத தேதிகளை முதலில் எழுதிவிடுவோம். மாதந்தோறும் 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரியை, கட்ட வேண்டும். 11ஆம் தேதி விற்பனை பில்களின் விவரத்தை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1. 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி முந்தைய மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களின் 15ஆம் தேதி முன்கூட்டிய வரித் தவணைக்கு உரியது. சம்பளக்காரர்களின் வருமான வரிப் படிவத்துக்கு ஜூலை 31, தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30. இவற்றையெல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால் தாளில் மிச்சமிருக்கும் வெள்ளை இடம் எவ்வளவு என்பது தெரியும். மாதத்தில் 21ஆம் தேதிக்குப் பிறகு கொஞ்சம் இருக்கும், செப்டம்பரில் அதுவும் இருக்காது. அந்த வெள்ளை இடத்துக்குள் எதை அனுமதிப்பது என்பதுதான் எங்களுக்கு உள்ள ஒரே தெரிவு.

இந்தத் தேதிகளில் 11ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவுக்கு மீறி ஒப்புக்கொள்வதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. காஜா பட்டன் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறு யூனிட்காரர் என் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் போட்ட ஜாப் ஒர்க் பில்களை 11ஆம் தேதிக்குள் நாங்கள் ஏற்றினால்தான், 14ஆம் தேதி தானாக உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில், அவருக்கு வேலை கொடுத்த ஏற்றுமதி நிறுவனத்துக்கு அந்த வரி உள்ளீட்டு வரவாகத் தெரியும். தெரியவில்லை என்றால் அந்த மாதம் அவர்களால் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. உடனே அவர்களுடைய கணக்குப் பிரிவு யூனிட்காரருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைத்துவிடும். திருப்பூரில் கூலி வாரக் கூலி, சனிக்கிழமை மாலை கையில் கொடுத்தாக வேண்டும். ஆக, ஏதோ ஒரு முகதாட்சண்யத்துக்காக நான் கூடுதலாக ஏற்றுக்கொண்ட ஒரு கோப்பின் சுமை, நான் பார்த்தே இராத ஒரு தையல்காரரின் சனிக்கிழமைச் சம்பளத்தில் போய் இறங்கும். தாமதக் கட்டணம் என்று அரசு வாங்கும் நாளொன்றுக்கு 50 ரூபாயெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

கடைசித் தேதிகளை அரசு நீட்டிப்பது வழக்கம்தானே, பிறகு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. நீட்டிப்பை நம்பித் திட்டமிடுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. 2025இல் தணிக்கை அறிக்கைக்கான தேதி செப்டம்பர் 30இலிருந்து அக்டோபர் 31க்கும், பிறகு நவம்பர் 10க்கும் தள்ளிப்போனது. அதே அக்டோபரில் 3பி தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதியில்தான் தீபாவளியும் வந்தது. பண்டிகை வாசற்படிக்கு வந்த பிறகுதான் அதை 25 வரை நீட்டித்து அறிவிப்பு வந்தது. தீபாவளிக்கு முன்பு திருப்பூரில் ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் போனஸ் கணக்குப் போடும் வேலை வேறு இருக்கும், அது முடிந்தவுடன் தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள், ஊரே காலியாகும். அப்படிப்பட்ட வாரத்துக்குள் தணிக்கை வேலையும் வந்து விழுந்தால் நீட்டிப்பால் கிடைத்தது என்ன? செப்டம்பரில் முடித்திருக்க வேண்டிய வேலை பண்டிகையைத் தின்றது, அவ்வளவுதான். அளவாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு நீட்டிப்பு ஒரு செய்தி மட்டுமே.

வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது என்றதும் பணம் அதிகம் தருபவரை வைத்துக்கொண்டு குறைவாகத் தருபவரை விடுவது என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். என் அளவுகோல் வேறு. பில்கள் எப்போது வந்து சேருகின்றன, எந்த நிலையில் வந்து சேருகின்றன என்பதைத்தான் நான் பார்க்கிறேன். 19ஆம் தேதி மாலை ஒரு மஞ்சப்பை மேசை மேல் வந்து கொட்டப்படும். பெட்ரோல் பங்க் ரசீதுகளில் எழுத்து மங்கி வெறும் தாளாகியிருக்கும். டெலிவரி சலான்களில் மெஷின் ஆயில் கறை படிந்து நம்பர் தெரியாது. நடுவே மகளின் பள்ளிக் கட்டண ரசீதும், ஏதோ ஒரு கோயிலின் விபூதிப் பொட்டலமும் வரும். இவற்றைப் பிரித்து அடுக்கவே எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்திக்கு முன்னிரவு முழுவதும் போய்விடும். கொண்டுவந்தவர் நல்ல மனிதர்தான், கட்டணத்தையும் சுணங்காமல் கொடுப்பவர்தான். இருந்தும், அவர் ஒருவருடைய வேலை ஒழுங்காக வரும் மூவருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

20ஆம் தேதிக்கு இன்னொரு கொடுமை உண்டு. படிவம் முழுவதும் தயாராக இருக்கும். கடைசியில் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஆறு இலக்க ஓடிபி போகும், அவர் அதைப் படித்துச் சொன்னால்தான் தாக்கலாகும். அவரோ பவர்டேபிள் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில், சட்டையையும் அதன் பையிலிருக்கும் கைப்பேசியையும் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்றுகொண்டிருப்பார். மணி அடித்து ஓயும். சில நிமிடங்களில் எண் காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்ப வேண்டும். நாடு முழுவதும் எல்லோரும் அதே மாலையில் உள்ளே நுழைவதால் தளமும் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் 17, 18 ஆகிய இரு நாட்களில் காலை 11 மணியிலிருந்து 1 மணிக்குள் ஓடிபி கேட்போம், அந்த நேரத்தில் கைப்பேசி கையில் இருக்க வேண்டும், பில்கள் 5ஆம் தேதிக்குள் எங்களிடம் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். இதற்கு ஒத்துவந்தவர்கள் இருக்கிறார்கள். ஒத்துவராத சிலர் தாங்களாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், எவரையும் நான் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதிதாக வருபவர்களிடம் மறுப்பைச் சொல்லும் காலமும் முக்கியம். எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், என்னை அம்மிணி என்று அழைக்கும் அளவுக்கு வயதும் உரிமையும் உள்ளவர், ஓர் ஏப்ரலில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, நம்ம மச்சான் புதுசா பிரிண்டிங் யூனிட் போட்டிருக்கானுங்க. அவன் கணக்கையும் நீங்களே பாத்துக்கோங்க. நம்மளுக்குள்ள வேற யார்கிட்டப் போறது?"

"இல்லீங்கண்ணா, இந்த வருசத்துக்கு எடுக்கறத எடுத்து முடிச்சாச்சுங்க. இப்பவே சொல்லிட்டா அவரு வேற பக்கம் பாக்கறதுக்கு நாள் இருக்குதுங்க. அவிநாசி ரோட்டுல ஒரு பையன் புதுசா ஆபீஸ் போட்டிருக்கார், நல்லாச் செய்வார். நானே பேசிட்டு நம்பர் தர்றேனுங்க."

அவர் முகம் சுண்டியது. கொஞ்ச நாள் பேச்சில் பழைய கலகலப்பு இல்லை, பிறகு ஜூனில் வழக்கம்போல் முன்கூட்டிய வரிக் கணக்கோடு வந்தார். ஏப்ரலில் சொல்லும் மறுப்பால் ஏற்படும் மனக்கசப்பு இந்த அளவோடு நின்றுவிடுகிறது. அதே மறுப்பைச் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சொன்னால் அது துரோகம். ஒப்புக்கொண்டு வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் அரைகுறையாகச் செய்து கொடுப்பது அதைவிட மோசம். மழுப்பலான பதில் சொல்லி அனுப்பிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். மழுப்பலைக் கேட்டவர் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டு போவார். சொன்னவர் அதைச் சம்மதமாக நினைக்காததால் தாளில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்.

எங்கள் தொழிலில் இன்னொரு நல்ல வழக்கமும் இருக்கிறது. வேறொரு பட்டயக் கணக்காளர் பார்த்துவந்த தணிக்கையை ஏற்பதற்கு முன், அவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. முந்தையவர் ஏன் விலகினார், கட்டணப் பாக்கி ஏதும் இருக்கிறதா, கணக்கில் சிக்கல் உண்டா என்பதையெல்லாம் அறிவதற்காக ஏற்பட்ட விதி அது. எனக்கு அதன் பக்கப் பயன்தான் பெரிதாகப் படுகிறது. கேட்பதற்கும் சம்மதிப்பதற்கும் நடுவில் அது சில நாட்களைக் கட்டாயமாக நுழைத்துவிடுகிறது. அந்த நாட்களில் தாளைப் பார்க்கலாம், அலுவலகத்தில் உள்ளவர்களைக் கேட்கலாம். கடிதம் தேவைப்படாத வேலைகளுக்கும், வீட்டு விஷயங்களுக்கும்கூட இந்த இடைவெளியை நான் கடைப்பிடிக்கிறேன். கேட்ட அன்றே எதற்கும் சரி என்று சொல்வதில்லை. அன்றே பதில் வேண்டும் என்று அவசரப்படுத்தப்படும் வேலைகள் பெரும்பாலும் இன்னொருவர் கைவிட்ட வேலைகளாகத்தான் இருக்கின்றன.

அலுவலகத்தில் உள்ளவர்களைக் கேட்கலாம் என்று சொன்னேன். உண்மையில் கேட்டே ஆக வேண்டும். நான் சொல்லும் சரியை நிறைவேற்றுபவர்கள் அவர்கள்தான். பல்லடத்திலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் பேருந்தில் வந்துபோகும் பெண்கள் எங்களிடம் வேலை செய்கிறார்கள். இரவில் இன்னொரு கோப்பை முடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னால், ஒருத்தி டவுன் பஸ்ஸைத் தவறவிடுகிறாள், அவளுடைய அப்பா மொபெட்டில் நிறுத்தத்துக்கு வந்து காத்திருக்கிறார். முதலாளி தாராளமாகத் தலையாட்டுவதும் ஊழியர்கள் அதைச் சுமப்பதும் எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான் என்றாலும், அதைத் தாராளம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்க வேண்டும்.

தொழிலுக்கு வெளியே வருவோம். ஆடிட்டர் என்று தெரிந்துவிட்டால் போதும், அவரைப் பொருளாளர் ஆக்கிவிடுவதில் நம் ஊர்ச் சங்கங்களுக்கு ஏக ஒற்றுமை. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், வார்டு நூலக வாசகர் வட்டம், கோயில் திருப்பணிக் குழு என்று எல்லா இடத்திலும் தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். பொருளாளர் பதவி மட்டும் தட்டில் வைத்து நீட்டப்படும். ஒரே நேரத்தில் ஒரு பொறுப்பு, அதற்கும் முடியும் தேதி உண்டு என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு. இப்போதைக்கு அது வாசகர் வட்டம். நன்மை அதில்தான் அதிகம் என்று வாதிட மாட்டேன். அங்கே போனால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, அதுவே காரணம். குடியிருப்புச் சங்கத்தில் மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய கூட்டங்களுக்கு முடிவே கிடையாது என்பதும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசேஷங்களின் கதை இவ்வளவு எளிதல்ல. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி பிறந்ததும், அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து, முகூர்த்தங்கள் வரிசைகட்டும். எங்கள் தணிக்கைக் காலமும் சரியாக அதே வாரங்கள்தான். கல்யாணம், தெரட்டி என்னும் பூப்புச் சீர், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒரே முகூர்த்த நாளுக்குப் பல பத்திரிகைகள் வந்து கிடக்கும், மண்டபங்கள் ஒன்று பல்லடம் சாலையில், இன்னொன்று காங்கயத்தில், மற்றொன்று கோபியில் இருக்கும். எல்லாவற்றுக்கும் தலைகாட்டுவது என்று கிளம்பினால் அந்த நாள் காரிலேயே கழிந்துவிடும். மேடை ஏறி, போட்டோவுக்கு நின்று, மொய் எழுதி, இலையில் உட்கார்ந்தவுடன் அடுத்த மண்டபத்துக்கு வழி தேடும் வருகையால் அழைத்தவருக்கும் நிறைவில்லை, போனவருக்கும் நிறைவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி என் மாமியாரின் மொய் நோட்டு. நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு அது. ஊர்வாரியாகப் பெயர், எந்த விசேஷம், எவ்வளவு என்று அத்தையின் கையெழுத்தில் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. சில பெயர்களுக்கு எதிரில் தொகைக்குப் பதிலாக "முந்தின நாளே வந்தார்கள்" என்றும், "பந்தி பார்த்தார்" என்றும் குறித்திருப்பார். எனக்கு அந்த நோட்டில் மிகவும் பிடித்த பகுதி அந்தக் குறிப்புகள்தான். ஆடி மாதத்தில் பத்திரிகைகள் வரத் தொடங்கியதும் அத்தையும் நானும் கணவரும் உட்கார்ந்து பிரித்துவிடுவோம். நம் வீட்டுக் காரியத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் என்றால் முந்தின நாள் மாலையே நான் போய்விடுவேன். அலுவலகக் கைப்பேசியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, மறுநாள் முகூர்த்தம் முடிந்து பாத்திரம் எண்ணும் வரை அங்கேதான். பணத்தால் வந்த மொய்க்குப் பணத்தால் திருப்பிச் செய்துவிடலாம், வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும். நடுவில் உள்ளவர்களிடம், தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைக்கும்போதே, "முகூர்த்தத்துக்கு அவங்க வந்துடுவாங்க, நான் அக்டோபர்ல பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்க வீட்டுக்கே வர்றேனுங்க" என்று சொல்லிவிடுவேன். கண்டிப்பாக வந்துவிடுகிறோம் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்ற மரபை அத்தை முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போய், சாவகாசமாக உட்கார்ந்து பேசிவிட்டு வருவதை அந்த வீடுகள் எப்படி வைத்துக்கொள்கின்றன என்று பார்த்தபின் அவரே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கு. அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. சாவுச் செய்தி முகூர்த்த நாள் பார்த்து வருவதில்லை, 20ஆம் தேதியையும் செப்டம்பர் 30ஐயும் அது அறியாது. செய்தி வந்தால் போட்டது போட்டபடி கிளம்ப வேண்டும், எடுக்கும்வரை இருக்க வேண்டும், கருமாதிக்கு மறுபடி போக வேண்டும். மருத்துவமனையில் யாரேனும் படுத்துவிட்டால் இரவு துணைக்கு இருக்க வேண்டும். நான் 60 என்ற உச்சவரம்பு வரை ஒருபோதும் தணிக்கை ஏற்பதில்லை என்பதற்கும், தாளின் வெள்ளை இடத்தை முழுவதுமாக நிரப்பாமல் வைத்திருப்பதற்கும் இதுவே முதற்காரணம். ஓய்வுக்காகவா என்று கேட்டால் ஓய்வும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் வரும் கடமைகளுக்கு இடம் இருக்க வேண்டும் என்றால், கேட்டுக்கொண்டு வருபவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் ஓர் ஆண் ஆடிட்டர் எழுதியிருந்தால் பாதிப் பத்திகள் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அவருக்கு ஆபீஸ்ல வேலை" என்ற ஒரு வரியில் ஆண்களின் வராமை எல்லா மண்டபங்களிலும் செல்லுபடியாகிவிடுகிறது. அதே அலுவலகத்தில், அதே செப்டம்பரில், அதே வேலையைச் செய்யும் பெண் வரவில்லை என்றால், அவள் படிப்பும் சம்பாத்தியமும் வளர்ப்பும் பந்தியில் பரிமாறப்படும். தொடக்கத்தில் என் கணவர் தனியாகப் போன இடங்களில் எல்லாம் "அம்மிணி வர்லீங்களா?" என்ற கேள்விக்கு அவர் தயங்கித் தயங்கிக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, "இந்தத் தடவை வீட்டுக்கு நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். காரணம் அடுக்க அடுக்கத்தான் கேள்விகள் வளரும் என்பதை அவர் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்.

வருமானம் குறையவில்லையா என்று உடன் தொழில் செய்பவர்கள் கேட்பார்கள். குறைந்தது. நான் திருப்பி அனுப்பிய பிரிண்டிங் யூனிட் இன்று நன்றாக வளர்ந்திருக்கிறது, அதன் கணக்கு அவிநாசி ரோட்டு அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பையனும் நன்றாக வந்துவிட்டார். ஏப்ரல் மாதத்து வங்கிக் கிளைத் தணிக்கைகள் மதிப்பும் பணமும் ஒருசேரத் தருபவை, அவற்றுக்கான பட்டியலில் சேர ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் இந்த ஆண்டு நான் விண்ணப்பிக்கவில்லை. இவையெல்லாம் இழப்புகள்தான். தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் கூடிவரும், குறைவாகச் செய்தால் நிறையச் சம்பாதிக்கலாம் என்றெல்லாம் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. விட்டது விட்டதுதான். தெரிந்து விட்டோம் என்பதால் அதை நினைத்துத் தூக்கம் கெடுவதில்லை.

நேற்று கணவரின் சித்தப்பா வந்திருந்தார். குலதெய்வக் கோயிலுக்குத் திருப்பணி தொடங்கியிருக்கிறார்கள், வரவு செலவை நான் பார்த்துக்கொண்டால் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: கும்பாபிஷேகம் வைகாசியிலா ஆவணியிலா, வசூல் ரசீதுப் புத்தகங்கள் யார் பொறுப்பில் இருக்கும். வைகாசி என்றால், ரசீதுப் புத்தகங்களையும் வேறொருவர் வைத்துக்கொள்வார் என்றால், வாசகர் வட்டத்தின் பொறுப்பைச் சித்திரைக் கூட்டத்தில் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இதை ஏற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆவணி என்றால், சித்தப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுவேன்; அத்தையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.